மீட்டர் சொல்வதை யாருக்கெல்லாம் சொல்லலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி ஓராண்டு ஆகிறது. போன வாரம் மின் விநியோக நிறுவனத்திலிருந்து ஓர் ஒப்புதல் படிவம் வந்தது. அரை மணிக்கு ஒருமுறை மீட்டர் பதிவு செய்யும் கணக்கைப் ‘பொது நலனுக்காக’ப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்கிறார்கள். அதில் மூன்று கட்டங்கள். முதலாவது, மின் கட்டமைப்பைத் திட்டமிடுவதற்கு. இரண்டாவது, வீடுகளின் மின் சிக்கனம் பற்றி ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வுக்கு. இதற்குத் தனியாக ஒரு கேள்வித்தாளும் நிரப்ப வேண்டுமாம். மூன்றாவது, ‘சேவையை மேம்படுத்த எங்கள் பங்குதாரர்களுடன் பகிர’. “நாம் எப்போது வீட்டில் இருக்கிறோம், எப்போது இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும், எதுவும் வேண்டாம்” என்கிறார் என் கணவர். “நாலு பேருக்குப் பயன்படும் என்றால் கொடுக்க வேண்டியதுதானே, பெயரை எடுத்துவிட்டுத்தானே கொடுப்பார்கள்” என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாடியில் வாடகைக்கு இருப்பவர்களின் மீட்டரும் என் பெயரில்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு படிவம் வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்கிறார்கள். எதில் கையெழுத்துப் போடுவது, எதை விடுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கட்டத்தில் தயங்காமல் டிக் செய்யுங்கள். இரண்டாவதில், சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு டிக் செய்யுங்கள். மூன்றாவதை வெறுமனே விட்டுவிடுங்கள். மாடி வீட்டுப் படிவத்தில் நீங்கள் கையெழுத்தே போட வேண்டாம். அது அவர்கள் போட வேண்டியது.

இனி, ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது. மின் விநியோகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்த மீட்டர் கணக்குகளோடுதான் என் பொழுது போகிறது. அரை மணிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 48 எண்கள், ஆண்டுக்கு 17,520. வெறும் எண்களாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கோடாக வரைந்து பாருங்கள், ஒரு குடும்பத்தின் நாள் அப்படியே தெரியும். நள்ளிரவிலிருந்து விடிகாலை வரை கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்பதால் மட்டும் லேசான அலை. ஐந்தரை மணிக் கட்டத்தில் திடீரென்று அரை யூனிட் கூடும். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடினால் சரியாக அவ்வளவுதான் வரும். அடுத்த கட்டத்தில் மறுபடி அதே ஏற்றம் என்றால் இரண்டாவது ஆள் குளிக்கப் போயிருக்கிறார். ஒன்பதுக்குக் கோடு சரிந்து மாலை ஆறு வரை படுத்தே இருந்தால் வீட்டில் ஆள் இல்லை. சனி, ஞாயிறில் காலை ஏற்றம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். பத்து நாள் தொடர்ந்து தட்டையாக இருந்தால் வெளியூர். இரவெல்லாம் ஏற்ற இறக்கம் இருந்தால், வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இரவு வேலைக்காரரோ இருக்கலாம்.

ஆக, உங்கள் கணவர் பயப்படுவது வீண் பயம் இல்லை. இந்தப் பயம் புதிதும் இல்லை. மொத்த மின்சாரத்தை மட்டும் அளந்து, அதிலிருந்து எந்தெந்தக் கருவி எப்போது ஓடுகிறது என்று பிரித்தறியும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்களில் ஜார்ஜ் ஹார்ட் முக்கியமானவர். இதை வைத்து மக்களை வேவு பார்க்க முடியும் என்று 1989-லேயே கட்டுரை எழுதி எச்சரித்தவரும் அவரேதான். நெதர்லாந்தில் எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டம் 2009-ல் அந்த நாட்டு மேலவையில் நின்றுபோனதற்குப் பெரிய காரணம் இந்த அந்தரங்கக் கேள்விதான். பிறகு, வேண்டாம் என்று மறுக்கும் உரிமையைக் கொடுத்தே சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் நேபர்வில் நகராட்சியின் மீட்டர்கள் குறித்த வழக்கில் 2018-ல் தீர்ப்பு வந்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பது அரசியல் சட்டப்படி ஒரு ‘சோதனை’தான் (போலீஸ் வீட்டைச் சோதனை போடுவது போல) என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அது மின் விநியோகத்துக்காகச் செய்யப்படுவது, குற்றம் தேடுவதற்காக அல்ல என்பதால் நியாயமான சோதனை என்றது. யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதில்தான் தீர்ப்பே நின்றது. உங்கள் படிவத்தின் மூன்று கட்டங்களையும் அந்தக் கண்ணோடுதான் நானும் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். எவ்வளவு நெருக்கமாக அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள், 2 விநாடிக்கு ஒருமுறை அளக்கும் மீட்டரை வைத்து, டி.வி.யில் ஓடுவது எந்தப் படம் என்றே கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். திரையில் வெளிச்சம் கூடிக் குறைவதற்கேற்ப டி.வி. எடுக்கும் கரண்டும் கூடிக் குறைகிறது. அரை மணிக் கணக்கில் அது நடக்காது. அரை மணி நேரத்தில் நடந்ததெல்லாம் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். நாளுக்கு ஒரு எண் என்றால் குளித்த நேரம்கூடத் தெரியாது, வீட்டில் ஆள் இருந்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும். மாதத்துக்கு ஒன்று என்றால் பழைய ரீடிங்தான். பிரிட்டனில் அரை மணி, நாள், மாதம் என்ற மூன்றில் எந்த அளவில் கணக்கெடுக்கலாம் என்று வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழக்கம் வந்ததற்கு இதுதான் காரணம். உங்கள் படிவத்தில் அப்படி ஒரு தேர்வு இருக்கிறதா என்று பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும்.

திருட்டுப் பயம் பற்றி அவர் சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. ஆய்வுக்குப் போகும் கணக்கு பெரும்பாலும் அன்றன்றைக்குப் போவதில்லை, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தாமதமாகத்தான் போகும். போன மே மாதம் நீங்கள் ஊரில் இல்லை என்பதை வைத்துத் திருடன் என்ன செய்வான்? அப்படித் தாமதமாகத்தான் போகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும்.

மகள் சொல்வதில் பாதி சரி. ‘பெயரை எடுத்துவிட்டுத்தானே’ என்ற இடத்தில்தான் சறுக்கல். பெயர், முகவரி, இணைப்பு எண் மூன்றையும் எடுத்துவிட்டாலும் கோடு அப்படியே இருக்கிறதே. எதிர் வீட்டுக்காரருக்கு நீங்கள் எந்த வாரம் வெளியூர் போனீர்கள் என்று தெரியும், எந்த மாதம் மின்சாரக் கார் வாங்கினீர்கள் என்றும் தெரியும். நூறு பெயரில்லாத கோடுகளை அவர் கையில் கொடுத்தால், அந்த வாரம் தட்டையாகவும் அந்த மாதத்திலிருந்து இரவு உயரமாகவும் இருக்கும் கோடு எது என்று தேடி உங்களுடையதைப் பிடித்துவிடுவார். அதனால் ‘அநாமதேயமாக்கப்பட்ட தரவு’ என்று படிவத்தில் இருந்தால் அதோடு திருப்தி அடையக் கூடாது. அந்தக் கோடுகளை யார் கையில் கொடுக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

சரி, முதல் கட்டம். இதற்கு உங்கள் தனிக் கோடு யாருக்கும் தேவையில்லை. ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழே இருக்கும் எல்லா மீட்டர்களின் கணக்கையும் கூட்டினால், அது எந்த நேரத்தில் எவ்வளவு திணறுகிறது என்று தெரிந்துவிடும். முன்பெல்லாம் எங்களுக்கு இது வெறும் உத்தேசம்தான். இத்தனை இணைப்பு இருக்கிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட மாட்டார்கள், எனவே வீட்டுக்கு ஓரிரு கிலோவாட் என்று ஒரு கணக்குப் போட்டு டிரான்ஸ்பார்மர் வைப்போம். அந்தக் கணக்கை மின்சாரக் கார்கள் கெடுத்துவிட்டன. ஒரு கார் சார்ஜர் 7 கிலோவாட் வரை இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். ஒரே தெருவில் நாலைந்து பேர் வேலை முடிந்து வந்து ஒரே நேரத்தில் செருகினால் பழைய உத்தேசம் அம்பேல். இன்னொரு பக்கம் மொட்டை மாடி சோலார். வெயில் உச்சியில் இருக்கும்போது மின்சாரம் எதிர்த் திசையில் பாய்ந்து, லைனின் கடைசி வீடுகளில் வோல்டேஜ் ஏறிவிடும். மீட்டர்கள் பதியும் வோல்டேஜைப் பார்த்தால் எந்த லைன், எந்த நேரம் என்று தெரியும். எங்கே பெரிய டிரான்ஸ்பார்மர் வைப்பது, எங்கே லைனைப் பிரிப்பது, எங்கே நேரத்துக்கேற்ற கட்டணம் வைத்தாலே போதும் என்பதை இனி ஊகிக்க வேண்டியதில்லை. தேவையில்லாத இடத்தில் கம்பி இழுக்கும் செலவு கடைசியில் எல்லார் பில்லிலும்தான் வந்து விழும். இதைப் பொது நலன் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இதில் பாதுகாப்புக்கு வழி, பல வீடுகளின் கணக்கை ஒரே எண்ணாகக் கூட்டித் தருவது. எத்தனை வீட்டைக் கூட்டினால் போதும் என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் பயன்பட்ட ‘15/15’ விதி பிரபலம். குறைந்தது 15 பேர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், அதில் யாருடைய பங்கும் மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் கெட்டிக்காரத்தனம். பதினான்கு சின்ன வீடுகளுக்கு நடுவே ஒரு பெரிய குளிர்சாதனக் கிடங்கு இருந்தால், கூட்டிய கணக்கு என்பது கிடங்கின் கணக்குதான். பிரிட்டனில், தனி வீடு தெரியாதபடி எப்படித் தொகுக்கப் போகிறோம் என்ற திட்டத்துக்குக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் ஒப்புதல் வாங்கிவிட்டால், லைன்களைப் பராமரிக்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு வீட்டிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் நிறுவனம் படிவம் அனுப்பிக் கேட்கிறது என்றால் அதுவரை நல்லதுதான். குறைந்தது எத்தனை வீட்டைக் கூட்டுவீர்கள் என்று மட்டும் ஒரு வரி கேட்டு வையுங்கள்.

இரண்டாவது கட்டம்தான் யோசிக்க வேண்டியது. இங்கே கூட்டிய கணக்கு உதவாது, வீடு வீடாகத்தான் வேண்டும். ஏன் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் அரசு, வீடுகளில் வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் இருக்கக் கூரைக்கும் சுவருக்கும் காப்புப் பூச மானியம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வீணானதா, பலித்ததா? மானியம் வாங்கிய வீட்டின் முன், பின் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வெயிலும் குளிரும் போன ஆண்டு மாதிரி இருந்திருக்காது, எனவே மானியம் வாங்காத அதே மாதிரி வீடுகளோடும் ஒப்பிட வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளின் மின்செலவையும் அன்றைய வெப்பநிலைக்கு எதிரே புள்ளியாக வைத்தால் ஒரு சாய்கோடு கிடைக்கும். வெளியே ஒரு டிகிரி மாறினால் உள்ளே எத்தனை யூனிட் மாறுகிறது என்பது அந்தச் சாய்வு. காப்பு வேலை செய்தால் சாய்வு குறைந்திருக்கும். நூறு வீட்டைச் சேர்த்துக் கூட்டினால் யார் மானியம் வாங்கினார், யார் வாங்கவில்லை என்பதே கலங்கிப்போகும்.

அந்தக் கேள்வித்தாள் எதற்கு என்று நீங்கள் சலித்துக்கொண்டிருந்தால், அதுவும் இதனால்தான். வறுமையில் இருக்கும் குடும்பம் மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரையும் ஏ.சி.யையும் தொடாமலே இருந்திருக்கும். காப்புப் பூசிய பிறகு, அதே செலவில் கொஞ்சம் வசதியாக இருக்கத் துணிவார்கள். யூனிட் குறையாது. மீட்டரை மட்டும் பார்க்கிறவர் ‘திட்டம் தோல்வி’ என்று எழுதிவிடுவார். உண்மையில் அந்த வீட்டில்தான் அது அதிகம் பலித்திருக்கும். மிகக் குறைவாக மின்சாரம் எடுக்கும் வீடு எல்லாமே இப்படித்தான் குழப்பும். பூட்டிக் கிடக்கும் வீடா, சோலார் வைத்த வீடா, சிக்கனமான கருவிகள் வைத்திருப்பவரா, கரண்ட் பில்லுக்குப் பயந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவியா? மீட்டருக்கு நான்கும் ஒன்றுதான். வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எத்தனை அறை, எதில் சமைக்கிறீர்கள் என்ற கேள்விகள் இல்லாமல் இந்த ஆய்வு செய்தால் தவறான கொள்கைதான் பிறக்கும்.

ஆனால் கேள்வித்தாளும் கோடும் சேர்ந்தால் உங்களை அடையாளம் காண்பதும் சுலபமாகிறது. எனவே இந்த இடத்தில் காவல் பலமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் தலைமையில் நடக்கும் ஸ்மார்ட் எனர்ஜி ரிசர்ச் லேப் என்ற திட்டத்தை இதற்கு ஒரு முன்மாதிரியாகச் சொல்லலாம். சுமார் 13,000 குடும்பங்கள் சம்மதம் கொடுத்து, அரை மணிக் கணக்கைத் தருகின்றன. அதை ஆய்வாளர்கள் தங்கள் கணினியில் இறக்கிக்கொள்ள முடியாது. அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டும் பாதுகாப்பான ஒரு கணினிச் சூழலுக்குள் போய் வேலை செய்ய வேண்டும். வெளியே எடுத்துவரும் ஒவ்வொரு அட்டவணையையும் வரைபடத்தையும், அதில் தனி வீடு எதுவும் தெரிகிறதா என்று இன்னொருவர் சோதித்த பிறகுதான் விடுவார்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியதும் இதுதான். தரவை யாராவது நகல் எடுத்துக்கொண்டு போக முடியுமா? வேறு எந்தப் பதிவேட்டோடு இணைப்பார்கள்: வீட்டின் விவரமா, வருமானமா, உடல்நலமா? காவல் துறையோ வரித் துறையோ கேட்டால் நீதிமன்ற ஆணை இல்லாமல் கொடுப்பார்களா? நடுவில் விலக நினைத்தால் ஏற்கெனவே கொடுத்ததை அழிப்பார்களா, இல்லை அன்றிலிருந்து மட்டும் நிறுத்துவார்களா? (ஏற்கெனவே வெளியான ஆய்விலிருந்து எடுக்க முடியாது என்பது நியாயமான பதில்தான், அதற்காகக் கோபப்பட வேண்டாம்.) முடிவுகள் பொதுமக்கள் படிக்கும்படி வெளிவருமா? கடைசிக் கேள்வியை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். நம்மிடம் இலவசமாக வாங்கிய தரவிலிருந்து கிடைத்த முடிவு யாரோ ஒருவரின் விற்பனைச் சரக்காகப் பூட்டி வைக்கப்பட்டால், அங்கே ‘பொது’ எங்கே இருக்கிறது? பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள் இந்தக் கேள்விகளுக்குப் பழகியவர்கள். ஒழுங்கான குழு என்றால் பதில் எழுதியே வைத்திருக்கும்.

மூன்றாவது கட்டத்தைப் பற்றி அதிகம் எழுத எதுவுமில்லை. ‘பங்குதாரர்கள்’ யார் என்று இல்லை, ‘சேவை’ எது என்று இல்லை, எத்தனை காலம் என்று இல்லை. காப்பீடு விற்பவரும் பங்குதாரர்தான், ஏ.சி. விற்பவரும் பங்குதாரர்தான். உங்கள் கணக்கை ஒரு கம்பெனிக்குக் கொடுத்து, சோலார் வைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் அது வேறு. அப்போது நீங்களே தரவை இறக்கி, நீங்கள் விரும்பும் ஆளிடம் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2012 முதல் ‘கிரீன் பட்டன்’ என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் இணைப்பில் ஏதாவது பிரச்சினை வருமோ என்று பயப்பட வேண்டாம். ஒப்புதல் கேட்டு வந்த படிவம் என்றாலே மறுக்கலாம் என்றுதானே பொருள்.

மாடி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, எனவே காகிதத்தின்படி நீங்கள்தான் வாடிக்கையாளர். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அலுவலகத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கோட்டில் இருப்பது அவர்கள் தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும். அதைக் கொடுக்கும் உரிமை வீட்டுச் சொந்தக்காரர் என்பதால் உங்களுக்கு வந்துவிடாது. அந்த மீட்டரின் அரை மணிக் கணக்கு உங்கள் செல்பேசிச் செயலியிலும் தெரிகிறது என்றால், தயவுசெய்து அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பில் தொகை மட்டும் போதும். ‘நேற்று ராத்திரி ரெண்டு மணி வரை முழித்திருந்தீர்களே’ என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டால் வாடகைக்காரருக்கு எப்படி இருக்கும்?

அதற்காகப் படிவத்தைக் கிழித்துப் போடவும் வேண்டாம். இப்படிப்பட்ட ஆய்வுகளில் சம்மதிப்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், படித்தவர்கள், கொஞ்சம் வசதியானவர்கள். வாடகை வீடுகள் குறைந்தால், சுவரில் ஓட்டை போடவோ கூரையை மாற்றவோ அதிகாரமில்லாமல் பில் மட்டும் கட்டுகிறவர்களின் நிலைமை முடிவுகளில் வராமலே போகும். படிவத்தை மாடிக்கு எடுத்துப் போய்க் கொடுங்கள், இந்தப் பதிலையும் காட்டுங்கள். “நீங்கள் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, எனக்கு ஒன்றுமில்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் நீட்டும் காகிதத்தில் மறுக்க முடியாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சம்மதித்தால், குடியிருப்பவரின் பெயரில் ஒப்புதலைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு சின்னக் கடிதத்தையும் இணையுங்கள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போனால் அந்த ஒப்புதலும் முடிந்தது. புதிதாக வருகிறவரிடம் மறுபடி கேட்க வேண்டும். இதை நிறுவனம் தானாகச் செய்யாது, நீங்கள்தான் தெரியப்படுத்த வேண்டும்.

உங்கள் வீட்டுக்குள்ளும் இதே நியாயம்தான். கணவருக்கு இரண்டாவது கட்டத்தில் கடைசிவரை மனமில்லை என்றால் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரை மனதுக் குடும்பத்தின் கணக்கு இல்லாமல் ஆய்வு ஒன்றும் கெட்டுப்போகாது. நாள் கணக்கு மட்டும் தருகிறோம் என்று கேட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. வெப்பநிலையோடு ஒப்பிடும் ஆய்வுகளுக்குப் பல நேரம் அதுவே போதும்.

மாதக் கடைசித் தேதி அவர்கள் வேலைக்காக வைத்தது. கேள்விகளுக்குப் பதில் வர அதைத் தாண்டும் போலிருந்தால், தாமதமாக அனுப்பலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் படிவத்தை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் மூலையில் இருக்கும் குறிப்பு எண் தெளிவாக விழ வேண்டும். பின்னால் விலக நினைத்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.